சேற்றுக்கு எத்தனை பேர்?

(கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை விழாவில், காலபோக விதைப்புக்கு முந்திய வாரம் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது தடுமாறிய இடங்களைச் சரிசெய்தேன். சபையிலிருந்து வந்த குறுக்குப் பேச்சுகளை அப்படியே விட்டிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, வாசிகசாலைப் பிள்ளைகளே, வயலால் நேரே வந்து பின்வாங்கில் இருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, வணக்கம்.

"மாஸ்டர், திருக்குறளில ஏதாவது பேசுங்கோ" என்றுதான் செயலாளர் கேட்டவர். சேற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நோட்டீசில என்னெண்டு போடுறது?" என்றார். "சேறு எண்டே போடும்" என்றேன். அடித்து வந்த நோட்டீசில் 'சிறப்புரை' என்று மட்டும் இருக்கிறது. பரவாயில்லை. இன்னும் பத்து நாளில் மழை பிடித்தால் தலைப்பு உங்கள் முழங்கால் மட்டும் வந்து நிற்கும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2010ஆம் ஆண்டு மாரி. வீதி வேலை நடந்த காலம். கிரவல் ஏற்றிக்கொண்டு வந்த ரிப்பர் ஒன்று வாய்க்கால் ஓரமாய் இறங்கி, பின்சில்லு பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. சாரதி அநுராதபுரப் பக்கத்துச் சிங்களப் பொடியன். இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து "மட, மட" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பெரியவர், "மடு எங்கையடா தம்பி கிடக்கு? இது வெறும் சேறு" என்றார். அவன் மட என்கிறான், இவர் மடு இல்லை என்கிறார். இரண்டு பேரும் நல்ல மனதோடு பத்து நிமிடம் இப்படியே கதைத்தார்கள். சில்லு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னுடைய மாணவன் ஒருவன் மறுநாள் வகுப்பில் எழும்பினான். "சேர், இங்கிலிசில மட். சிங்களத்தில மட. எங்களிட்ட மடு. மூண்டும் ஒண்டுதானே?" எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இரணைமடு, மருதமடு என்று ஊர்ப் பெயரிலெல்லாம் மடு கிடக்கிற மண்ணில், இதைவிட அழகான கேள்வியை ஒரு பிள்ளை கேட்க முடியுமா? "ஓம், தமிழிலிருந்துதான் எல்லாரும் கொண்டுபோனவை" என்று அடித்துச் சொன்னேன். கரும்பலகையில் எழுதி அம்புக்குறியும் போட்டேன். அந்த அம்புக்குறியை அதற்குப் பிறகும் இரண்டு வருடம் புதிது புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

அது பிழை. எப்படிப் பிழை என்பதுதான் இன்றைய பேச்சு.

மடு என்றால் என்ன? ஆற்றிலோ குளத்திலோ நீர் ஆழ்ந்து நிற்கிற இடம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவுக்குள் இரட்டை மடு என்ற பொருள் கிடக்கிறது. மடுவில் முக்கியம் ஆழமும் தண்ணீரும். சிங்கள 'மட'வில் முக்கியம் மண்ணின் குழைவு. ஆங்கிலத்தின் மட் ஏறக்குறைய 14ஆம் நூற்றாண்டில் அந்த மொழிக்குள் தலைகாட்டுகிறது. வடஜெர்மன் கரையோரத்தில் 'முட்ட' என்றும், ஒல்லாந்தரிடம் 'மொடர்' என்றும் அதற்குச் சொந்தக்காரர் உண்டு. மூன்றும் காதுக்கு ஒன்றாகக் கேட்கின்றன, அவ்வளவுதான். சந்தையில் என்னைப் போல மூக்குள்ள ஒருவனைக் கண்டால் அவன் என் ஒன்றுவிட்ட தம்பி என்று காணி எழுதிக் கொடுத்துவிடுவேனா?

மட்டக்களப்பையும் பாருங்கள். தமிழில் மட்டம், களப்பு என்று பிரிப்பார்கள். சிங்களத்தில் அதே ஊரை மடக்களப்பு என்று கேட்டு, சேற்றுக் களப்பு என்று பொருள் சொல்வார்கள். அவரவர் காதுக்கு அவரவர் சொல். களப்பு மட்டும் இருவருக்கும் ஒன்றாய் இருக்கிறது. அதில் அலை அடிக்கிறது, இறாலும் இருக்கிறது.

அப்படியென்றால் உறவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நான் புத்தகத்தில் படிக்க முன்னம் ஒரு அம்மாவின் வாயால் கேட்டேன். மனைவியின் மருத்துவ அலுவலாகப் பெங்களூரில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். வீட்டுக்காரி கன்னடக்காரி. பூச்சட்டிகளுக்கு மண் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை சேறு. நான் ஏதோ உதவிக்குப் போய், நகத்துக்குள் மண் போனதும் கையை உதறினேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "கை கெசராதரெ, பாயி மொசரு."

கன்னடம் தெரியாதுதான், ஆனாலும் பாதி விளங்கிவிட்டது. கை தெரிகிறது. பாயி என்றால் வாய். கை கெசரு ஆனால் வாய் மொசரு. கெசரு என்று கேட்டேன், பூச்சட்டியைக் காட்டினார். மொசரு என்று கேட்டேன், குளிரூட்டியைத் திறந்து தயிர்ச் சட்டியைக் காட்டினார். கையில் சேறு பட்டால் வாய்க்குத் தயிர். நாங்கள் 'சேற்றில் கால் வைத்தால் சோற்றில் கை வைக்கலாம்' என்கிறோமே, அதேதான். நாங்கள் காலைச் சொல்கிறோம், அவர்கள் கையைச் சொல்கிறார்கள்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. கெசரு, மொசரு. இதற்கு முன் 'ஹெசரு' என்றும் அந்த வீட்டில் கேட்டிருந்தேன். 'நிம்ம ஹெசரு ஏனு' என்று என்னிடம் பெயர் கேட்டார்கள். ஹெசரு என்றால் பெயர். கன்னடத்தில் பழைய பகரம் பல சொற்களில் ஹகரமாக மாறிவிட்டது. பால் அங்கே ஹாலு. ஆகவே ஹெசரு முன்பு பெசர். தமிழில் பெயர், பேச்சில் பேர். நடுவில் இருந்த 'ச' எங்களிடம் யகரமாகத் தேய்ந்து, பிறகு அதுவும் போய், முன்னிருந்த எழுத்து நீண்டுவிட்டது. 'உசிரு' என்றால் உயிர். அங்கேயும் அதே தேய்வு.

இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள். பெசர் பேர் ஆனால் மொசர் என்ன ஆகும்? 

(சபையில் ஒரு பிள்ளை: "மோர்!")

மோர்தான், மகள். அங்கே தயிர், இங்கே மோர். எங்கள் ஆட்கள் தண்ணி விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியானால் கெசரு? கேறு என்று வரவேண்டும். ஆனால் இன்னொரு ஒழுங்கும் இருக்கிறது. கன்னடத்தின் 'கிவி' எங்களிடம் செவி. அவர்களுக்குச் சின்னது 'கிரு', எங்களுக்குச் சிறு. அவர்களுக்குச் சிவப்பு 'கெம்பு', எங்களுக்குச் செம்மை. இகரம், எகரத்துக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாகிவிட்டது. அந்த ஒழுங்கையும் சேர்த்தால் கெசறு, சேறு. இடையில் செயறு என்று ஒரு படி இருந்திருக்க வேண்டும். ஏட்டில் கிடைக்காத அப்படியான சொல்லை மொழியியலாளர்கள் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு எழுதுவார்கள். காணாமற்போன ஒருவரின் படத்துக்குக் கீழே பெயர் எழுதுவது போல.

பிறகு புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் எங்கள் சேறும் கன்னடத்தின் கெசறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. துளுவுக்கும் மலையாளத்துக்கும் அங்கே இடம் உண்டு. மலையாளத்தில் அது சேறு என்றே இருக்கிறது. தெலுங்கர் மட்டும் புரத, அடுசு என்று வேறு வழியில் போய்விட்டார்கள். 'அடுசை ஏன் மிதிப்பான், காலை ஏன் கழுவுவான்' என்பது அவர்களுடைய பழமொழி. வம்பில் இறங்காதே என்று பொருள். வயலில் இறங்கும் ஆளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், மண்வெட்டியோடு வருவான்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். பழங்கன்னடத்தில் வல்லின றகரம் இருந்தது, பிறகு அது ரகரத்தோடு கலந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்குக் கெசருவும் மொசருவும் எதுகை போல ஒலிக்கின்றன. தமிழில் அந்த இரண்டும் இன்னும் பிரிந்தே நிற்கின்றன: சேறு, மோர். பழமொழியை அப்படியே எங்கள் சொல்லில் வைத்தால் 'கை சேறானால் வாய் மோர்'. ஓசை உதைக்கிறது. ஆனால் இரத்தம் ஒன்று. மட், மட, மடு மூன்றுக்கும் ஓசை பொருந்தியது, இரத்தம் பொருந்தவில்லை. நான் கரும்பலகையில் போட்ட அம்புக்குறியின் பிழை அதுதான்.

சரி, சொல் வந்த வழி இது. சொல்லுக்குள் என்ன இருந்தது?

இன்றைக்குச் சேறு என்றால் மிதிக்கிற சேறு. பழைய தமிழில் அது இவ்வளவு தாழ்ந்திருக்கவில்லை. குழைவாக, கெட்டியாக, சாரமாக இருக்கிற எதுவும் சேறுதான். பூசுகிற சந்தனம் சந்தனச் சேறு. பதிற்றுப்பத்தில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு பழத்தைச் சொல்லும்போது அதன் உள்ளே இருக்கிற இனிய குழம்பை 'அஞ்சேறு' என்கிறார், அழகிய சேறு. பலாச்சுளையின் உள்ளிருப்பதைச் சேறு என்று சொன்னால் இன்று உங்கள் பிள்ளை தின்னாது.

சேற்றுக்கு எவ்வளவு மரியாதை என்பதை ஒரு எருமையிடம் கேட்கலாம். அகநானூற்றில் 46ஆவது பாட்டு, பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். 'சேற்றுநிலை முனைஇய செங்கட் காரான்' என்று தொடங்கும். கட்டுத்தறியில் சேற்றுக்குள் நின்று நின்று வெறுத்துப்போன சிவந்த கண் எருமை, ஊர் உறங்கும் நேரத்தில் தளையை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் விலக்கிக்கொண்டு, மீன்கள் சிதறி ஓடக் குளத்துக்குள் இறங்கித் தாமரையைத் தின்னுகிறது. பாட்டின் உள்ளே பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்கு ஒரு குத்து இருக்கிறது, அது பெரியவர்களுக்கு விளங்கும். எனக்குப் பிடித்தது அந்த வேலி. கொம்பால் முள்ளை விலக்குவதை அந்த அம்மா எங்கேயோ இருட்டில் நின்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் எருமைகளை வட்டமாக விட்டு வயலை மிதிப்பித்த காலத்தில், மாலையில் அவிழ்த்துவிட்டால் அதுகள் நேரே குளத்துக்குத்தான் போகும். நாள் முழுக்கச் சேற்றில் நின்றவை மறுபடியும் தண்ணீருக்கே போகும்.

அள்ளல் என்றாலும் சேறு. 'அள்ளற் பழனத்து அரக்காம்பல் வாயவிழ' என்று முத்தொள்ளாயிரத்தில் வரும். அள்ளூர் என்பதையும் அப்படியே சேற்றூர் என்று பிரிக்கலாமா என்று நாக்கு துடிக்கிறது. மாட்டேன். ஒருமுறை பட்டது போதும்.

அடுத்தது அளறு. செயலாளர் கேட்ட திருக்குறள் இங்கேதான் வருகிறது. அளறு என்றால் சேறு. அளறு என்றால் நரகமும்தான். மற்ற இடங்களில் நரகம் என்றதும் எண்ணெய்க் கொப்பறையும் நெருப்பும் வரும். குறளில் அளறு வருகிற இடங்களை எடுத்துப் பாருங்கள். 835ஆம் குறள்: 'ஒருமைச் செயலாற்றும் பேதை எழுமையும் தான்புக்கு அழுந்தும் அளறு.' அழுந்துகிறான். 919ஆம் குறள், பொதுமகளிர் தோளைச் சொல்லி, 'பூரியர்கள் ஆழும் அளறு' என்று முடிகிறது. ஆழ்கிறான். 255ஆம் குறள்: 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண அண்ணாத்தல் செய்யாது அளறு.' விழுங்கியதைக் கக்குவதற்கு அந்த அளறு வாயைத் திறக்காதாம்.

அழுந்துதல், ஆழ்தல், வாய் திறவாமை. மூன்றில் ஒன்றிலும் சூடு இல்லை, புகை இல்லை. முழுக்கச் சேற்றின் வேலை. வள்ளுவர் சொன்னது நரகத்தைத்தான், மறுப்பில்லை. ஆனால் சொல்லின் அடியில் கிடந்த சேறு வினைச்சொல்லுக்குள் வழிந்து வந்திருக்கிறது. 'வாய் திறவாது' என்பதை இந்தச் சபையில் இருக்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காலை நேரே மேலே இழுத்தால் சேறு விடாது. குதிக்கால் பக்கமாய் மெல்ல ஆட்டி, காலுக்கும் சேற்றுக்கும் நடுவில் தண்ணீரும் காற்றும் போக இடம் கொடுத்தால் 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும். அப்போதுதான் அது வாய் திறந்தது. பாட்டா செருப்பு உள்ளேயே நின்றுவிடும், அது வேறு கதை.

500ஆம் குறளில் யானை. 'காலாழ் களரில் நரியடும் கண்ணஞ்சா வேலாள் முகத்த களிறு.' வேல் வீரர்களுக்கு அஞ்சாத களிறு, கால் புதைகிற களரில் மாட்டினால் நரி கொன்றுவிடும். குளம் வற்றுகிற காலத்தில் நடுக்குழியில் மிஞ்சிய தண்ணீரைத் தேடி இறங்கி, புதைந்து நிற்கிற யானையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். களர் என்றால் இன்று உப்பு ஊறிய தரிசு நிலம் என்றுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். குறளிலேயே 406இல் 'பயவாக் களர்' அந்தப் பொருளில்தான் வருகிறது. யானையை விழுங்கியது ஈரக் களர்.

வடமொழிக்காரரிடம் சேற்றுக்கு பங்கம் என்ற சொல் உண்டு. அதிலே பிறந்தது பங்கஜம், தமிழில் பங்கயம். தாமரை. அம்புஜம், நீரஜா, ஜலஜா, சரோஜா எல்லாம் தண்ணீருக்கும் குளத்துக்கும் நன்றி சொல்கிற பெயர்கள். பங்கஜம் ஒன்றுதான் சேற்றின் மகள் என்று துணிந்து சொல்கிறது. இதிலே ஒரு சிக்கல். மானபங்கம் என்று பத்திரிகையில் வாசிக்கிறோமே, அந்தப் பங்கம் வேறு. அது உடைதல், குலைதல். வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழ் எழுத்துக்குள் வந்ததும் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. மானத்தில் சேறு படுவது என்று சிலர் மேடையில் விளக்கம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன், இன்றைக்கும் ஒருவர் வந்திருக்கிறார்.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு 40ஆம் சங்கீதம் மனப்பாடமாய் இருக்கும். 'பயங்கரமான குழியிலும் உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து.' உளை என்றாலும் சேறுதான். இரண்டு சொல்லையும் அடுக்கியவர் எவரோ, அவருக்குக் காது இருந்திருக்கிறது. வெறும் 'சேற்றிலிருந்து' என்றால் எழும்பி வந்துவிடலாம் போல இருக்கும். உளையான சேறு என்றால் இடுப்புக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டுக்குக் கொஞ்சம் போவோம், நேரம் இருக்கிறது. கோலாலம்பூர் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களில் எத்தனையோ பேர் மலாயா ரெயில்வே பென்சனில் கல்வீடு கட்டினார்கள். மலாய் மொழியில் லும்பூர் என்றால் சேறு. இரண்டு ஆறு கூடுகிற சேற்றுச் சந்தி கோலாலம்பூர். அந்த வானளாவிய இரட்டைக் கோபுரம் நிற்கிற நகரத்துக்குப் பெயர் சேறு. பாரிசுக்கு ரோமர் காலப் பெயர் லுத்தேசியா. சதுப்பையும் சேற்றையும் குறித்த ஒரு பழைய கெல்டிக் சொல்லிலிருந்து அது வந்தது என்று ஒரு கருத்து உண்டு. பாரிசில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் இங்கே வந்து, "ஐயோ, ஒரே சேறு" என்று சப்பாத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

சப்பாத்து என்றதும் ஒன்று. அது போர்த்துக்கேயச் சொல். அலவாங்கும் அவர்களுடையது, வாங்கும் அவர்களுடையது. ஒல்லாந்தர் கந்தோரைத் தந்தார்கள், போஞ்சியைத் தந்தார்கள். போர்த்துக்கேயரின் சேறு 'லாமா'. ஒல்லாந்தரின் சேறு 'மொடர்'. இரண்டையும் நாங்கள் தொடவில்லை. தேவைப்படவில்லை. சப்பாத்து அவர்களிடம் இருந்தது, சேறு எங்களிடம் இருந்தது.

ஜெர்மன்காரரிடம் சேறு 'ஷ்லாம்'. எலிக்காய்ச்சலுக்கு அங்கே சேற்றுக் காய்ச்சல் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் எலியில் பழி போட்டோம், அவர்கள் சேற்றில் போட்டார்கள். உண்மையில் எலியின் சிறுநீர், சேற்றுத் தண்ணீர், காலில் உள்ள வெடிப்பு மூன்றும் சேர்ந்தால் வருத்தம் வரலாம். சேற்றுப்புண்ணோடு வயலில் இறங்குகிறவர்கள் விதைப்புக்கு முன் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். இது சொற்பொழிவில் சேராது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஒருவரைப் பழிக்கிறபோது எல்லா மொழியும் சேற்றைத்தான் அள்ளுகிறது. தமிழில் சேறு பூசுகிறோம். சிங்களத்தில் மட அடிக்கிறார்கள். இந்தியில் கீச்சடைத் தூக்கி எறிகிறார்கள். ஆங்கிலேயரும் எறிகிறார்கள். எங்களிடம் மட்டும் அது பூசுவது, கையால் தடவுவது. கிட்டப் போய்த்தான் செய்ய முடியும். தேர்தல் காலத்தில் யோசித்துப் பாருங்கள்.

இனி ஊருக்குள் வருகிறேன். அகராதியில் சேறு, சகதி, களி, அள்ளல், அளறு, உளை, சுரி எல்லாவற்றுக்கும் ஒன்றையே பொருளாகப் போட்டிருப்பார்கள். ஊரில் அப்படி இல்லை. இந்தியப் புத்தகங்களில் சேறும் சகதியும் என்று இருக்கும். எங்கள் வாயில் அது சேறும் சுரியும். நான் இந்த இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன்—

(முன்வரிசையில் ஓர் அம்மா எழும்பினார். நந்திக்கடல் பக்கத்திலிருந்து இங்கே மகள் வீட்டுக்கு வந்திருப்பவர். "மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. ரெண்டும் ஒண்டில்லை. சேறு நாங்கள் செய்யிறது. சுரி அதுவாக் கிடக்கிறது.")

இன்னொருக்கால் சொல்லுங்கோ அம்மா.

("வயலில தண்ணி கட்டி, உழுது, மிதிச்சு, பலகை அடிச்சு எடுக்கிறது சேறு. களப்புக்குள்ள இறால் பிடிக்கப் போனா காலுக்குக் கீழ கறுப்பாக் கிடக்கும், மணக்கும், அது சுரி. அதை ஆரும் செய்யேல்லை.")

இந்த வித்தியாசம் என்னிடம் உள்ள எந்த அகராதியிலும் இல்லை. நான் மூன்று மாதம் குறிப்பெடுத்தேன். அம்மா நின்ற இடத்தில் சொல்லிவிட்டார். அவர் சொல்வது மண்ணுக்கும் பொருந்துகிறது. வயல் மண்ணைத் தண்ணீரோடு உழக்கும்போது அதன் கட்டிகள் உடைகின்றன. நுண்ணிய களித்துகள் அடியில் படிந்து துவாரங்களை அடைக்கிறது. அதனால் கட்டின தண்ணீர் கீழே ஓடிப்போகாமல் நிற்கிறது. களை மூச்சுமுட்டிச் சாகிறது. முளைவிட்ட நெல்லை எறிந்தால் ஆழப் புதையாமல் மேலே பிடித்துக்கொள்கிறது. சேறு ஒரு வேலைப்பாடு. சட்டி வனைவது போல. களப்பின் சுரி அப்படி அல்ல. இலையும் பாசியும் காற்றுப்படாமல் அழுகி, கறுத்து, கூழ்முட்டை மணத்தோடு தானாகச் சேர்ந்தது.

'செய்யிறது' என்று அம்மா சொன்னதும் எனக்குள் பழைய வருத்தம் மறுபடி எழும்பியது. வயலுக்குச் செய் என்று பெயர். நன்செய், புன்செய். செய், சேறு. எவ்வளவு பொருத்தம்! அம்புக்குறி போடச் சோக்கட்டியைத் தேடுகிற கை இது. ஆனால் கெசறு நடுவில் நிற்கிறது. கன்னடத்தின் 'கெய்' அந்த வழியால் வரவில்லை. ஆகவே சேர்க்கமாட்டேன். அம்மாவின் பிரிப்பு பிரிப்பாகவே இருக்கட்டும்.

களிக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியை அறியாதவர் இல்லை. மழைக்குப் பொங்கும், சைக்கிள் மட்காட்டுக்குள் ஏறி இறுகிவிடும், சில்லு சுற்றாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்தக் களி ரெயிலில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போய், அங்கத்தைச் சுண்ணக்கல்லோடு சேர்ந்து சீமெந்து ஆனது. யாழ்ப்பாணத்தில் பழைய கல்வீடு வைத்திருப்பவர்கள் வன்னிச் சேற்றைக் கேவலமாகக் கதைக்கும்போது சுவரைத் தட்டிக் காட்டுங்கள்.

எங்கள் பக்கம் வீட்டுச் சுவருக்குப் புற்றுமண் நல்லது என்பார்கள். கறையான் தன் எச்சிலால் ஒருமுறை குழைத்துவைத்த மண். என் தாயார் அதை உடைத்து, தண்ணீர் தெளித்து, சாக்கால் மூடி ஓர் இரவு ஊறவிடுவார். காலையில் மிதிப்பதற்கு எங்களை இறக்குவார். முதலில் குளிரும், விரலுக்கிடையால் புழுப்போல வரும். அரை மணித்தியாலத்தில் மண் சூடாகிவிடும். எங்கள் கால் சூடு. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, வெடிப்பு இல்லாமல் வந்தால் "காணும், வாங்கோ" என்பார். அந்தக் குந்தில் இருந்துதான் நான் அரிவரி படித்தேன்.

2009இல் கூடாரத்துக்குள் வந்த சேற்றைப் பற்றியும் சொல்லவேண்டும் என்று எழுதிவைத்திருந்தேன். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விடியும் மட்டும் நின்ற இரவு. அந்தச் சேற்றை நாங்கள் யாரும் சேறு என்று சொல்லவில்லை. "வந்திட்டுது" என்று மட்டும் சொன்னோம். "அங்கால வந்திட்டுதோ?" "ஓம், இங்காலையும் வந்திட்டுது." பெயர் போட விருப்பமில்லாத சேறும் உண்டு. அதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒரே ஒரு கடன் பாக்கி. மட், மட, மடு என்று கேட்ட அந்தப் பொடியன் இப்போது பொடியன் இல்லை. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். சொந்தமாக உழவு மெசினும் ரொட்டவேற்றரும் வைத்திருக்கிறார். அதோ கடைசி வாங்கில், காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு இருக்கிறார். தம்பி, பதினைந்து வருடம் பிந்திவிட்டது. அண்டைக்கு நான் சொன்ன விடை பிழையடா. மூன்றும் ஒன்றில்லை.

("அதை விடுங்கோ சேர். உங்கட காணிக்கு எப்ப மெசின் இறக்கிறது? நாளைக்கு விட்டா பிறகு மழைக்கு ஏலாது.")

விடிய வா. வாய்க்கால் பக்கத்தால் இறக்காதை, அந்த ரிப்பர் தாண்ட இடம் இன்னும் இளக்கமாய்த்தான் கிடக்கு.